வலப்பக்கத்திலிருந்து வந்தவர்

ஜூலை பதினான்காம் தேதி வருவதை எங்கள் ஊரில் நாட்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது பிரான்சின் தேசிய தினம்; முந்தின நாள் மாலையே விளக்கேந்திய ஊர்வலம் ஒன்று கடற்கரைப் பக்கம் போகும். மறுநாள் காலை, பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கப் போவார்கள். அவர்களை இங்கே ‘சொல்தா’ என்போம். நான் சொல்லும் ஆண்டில் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. தமிழ்க் கணக்கில் ஆனி முடிய இரண்டு நாள் பாக்கி. ஒரு நாளை இப்படி இரண்டு நாட்காட்டியிலும் பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அன்று காலை என் மனைவி ஓட்டிய காரில் ஒரு சொல்தாவின் கார் இடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முக்கியத்துவம் இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை, என் மனைவி சேதராப்பட்டில் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டுக்குப் பொறுப்பாளராகச் சேர வேண்டும். பல ஆண்டுகளாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் நின்றுகொண்டு, இயந்திரத்திலிருந்து வரும் உதிரி பாகங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு, தேறாததைச் சிவப்புத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். பதவி உயர்வை அவர்களே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஒரே சிக்கல்: ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் கிளம்பிவிடும்; பொறுப்பாளர் கணக்கை ஒப்படைத்துவிட்டு வெளியே வருவதற்குள் அது ஊருக்குள் வந்திருக்கும். “எப்படிம்மா வீட்டுக்குப் போவீங்க?” என்று மேலாளர் கேட்டதற்கு, “கார்ல போவேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்போது எங்களிடம் காரும் இல்லை, அவளிடம் லைசென்சும் இல்லை. இரண்டும் அடுத்தடுத்து வந்தன. ஒத்திப்போட வழியில்லை. அந்த இடத்துக்கு இன்னொருவர் காத்திருந்தார். அவருக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. புதன்கிழமை ஆடி பிறந்துவிட்டால் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் வேறு சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே பழகும்போது இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து தைரியம் சொல்வது மட்டும் என் வேலை. ஓட்டுவதன் நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தது அவளுடைய தம்பி. தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து வெளியூர்ச் சந்தைகளுக்கு மீன் ஏற்றிப்போகும் வேன் அவனுடையது. ஐஸ் உருகுவதற்குள் சரக்கைச் சேர்க்க வேண்டிய தொழில். சாலையைப் பற்றி அவன் ஒன்று சொன்னால் எங்கள் குடும்பத்தில் மறு பேச்சு கிடையாது.

கடைசிப் பயிற்சியாக, தெருக்கள் காலியாக இருக்கும் ஞாயிறு காலையில், கால்வாய்க்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுப் பகுதியை ஒரு சுற்று சுற்றிவரலாம் என்று கிளம்பினோம். அங்கே தெருக்கள் சதுரங்கக் கட்டம் போல் இருக்கும். எல்லா முனையும் ஒன்றுபோலவே தெரியும். பெரும்பாலான முனைகளில் சிக்னல் இல்லை. வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு முனை வந்ததும் அவள் தம்பி சொல்லிக்கொடுத்தபடி நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு, நிம்மதியாக உள்ளே நுழைந்தாள். வலப்பக்கத்தில், கடற்கரையிலிருந்து வரும் தெருவில், ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் எங்களைப் பார்த்தார். புன்னகை செய்தார். வலது கையை நெற்றிக்கு உயர்த்தி ஒரு சல்யூட் வைத்தார். வைத்துக்கொண்டே வந்து, எங்கள் முன்சக்கரத்துக்கு மேல் இடித்தார்.

வேகம் அதிகமில்லை. எவர்சில்வர் அண்டா கீழே விழுந்ததுபோல ஒரு சத்தம். எங்கள் வண்டியின் வலது முன்பக்கத் தகடு உள்ளே போய்விட்டது. ஹெட்லைட் கண்ணாடி நொறுங்கியது. என் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

“ஏங்க, யாருக்காவது அடிபட்டுச்சா?” என்று முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார். எழுபதைத் தாண்டியவர். கருநீலக் கோட்டு, மார்பில் வரிசையாகப் பதக்கங்கள்.

“மதாம், அடி எதுனா பட்டுச்சா? கழுத்தத் திருப்புங்க பாப்போம். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். வலிக்கிதா? இல்ல. பொன், நல்லது. முசியே, நீங்க?”

எனக்கும் ஒன்றுமில்லை என்றேன். அவர் திருப்தியோடு தன் காரின் பின்பக்கத்துக்குப் போனார். ஒளி தெறிக்கும் மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்துப் பதக்கங்களுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். பின்னால் வருகிறவர்களை எச்சரிக்கும் சிவப்பு முக்கோணம் ஒன்றை விரித்து, தெருவில் கொஞ்ச தூரம் நடந்துபோய் நட்டுவிட்டு வந்தார். அவர் திரும்பி வருவதற்குள் முனையில் ஒரு சிறு கூட்டம் கூடிவிட்டது. மஞ்சள் சட்டையைப் பார்த்து நகராட்சிக்காரர் என்று நினைத்து ஒருவர் அவரிடமே, “இன்னா சார், யாரு இடிச்சது?” என்று விசாரித்தார்.

“நான்தான்” என்றார் அவர்.

முனையில் தள்ளுவண்டியில் இளநீர் விற்கும் அம்மா எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர். கையில் அரிவாளோடு வந்தார். “யோவ் பெரியவரே, அந்தப் பொண்ணு அம்மாம் நீட்டா ஹாரன் அடிக்கிது, கேக்கலியா ஒனக்கு? சல்யூட் வச்சிக்கினே வந்து இடிக்கிறியே!”

“கேட்டுச்சும்மா. நல்லா கேட்டுச்சு. இன்னிக்கு பதினாலாம் தேதி இல்ல? என் மெடலப் பாத்து மரியாத பண்றாங்கன்னு நெனச்சேன். பிரான்சுலெல்லாம் ஊருக்குள்ள சும்மா யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க.”

“ஆமா, ஹாரனு மரியாத! பஸ்டாண்டுல போய் நில்லு, ஊரே மரியாத பண்ணும்.”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் மட்டும் சிரிக்காமல், “பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்” என்றார். இளநீர் அம்மா அரிவாளைக் கீழே வைக்காமலே அவரைத் திரும்பிப் பார்க்க, அவர் நடையைத் தொடர்ந்தார்.

எங்கள் ஊரில் இரண்டு வண்டி மோதினால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் சத்தம் போடுகிறவருக்குப் பாதி நியாயம் கிடைத்துவிடும். சின்ன வண்டிக்காரருக்கு மீதிப் பாதி. இங்கே இரண்டும் கார். இரண்டு பேருமே சத்தம் போடவில்லை. கூட்டத்துக்கு என்ன செய்வது என்று புரியவில்லை. நான் செல்பேசியில் இரண்டு வண்டிகளையும் நான்கு பக்கமும் படம் எடுத்தேன். என் மனைவி இறங்கி, காரில் சாய்ந்து நின்றாள். கார் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“ஒம்மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு” என்று இளநீர் அம்மா ஆறுதல் சொன்னார். “நீ பாட்டுக்கு ஒழுங்காத்தான் போன.”

“தப்பு ஒண்ணுமே இல்லியா?” என்று அவள் கேட்டாள்.

“ஒண்ணுமே இல்ல.”

அதைக் கேட்டு அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் வெளிறியது. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: “எல்லாம் சரியாப் பண்ணியும் இடிச்சிருச்சின்னா, நாளைக்கும் இடிக்கும்தானேங்க? நைட்டு, தனியா. நான் எப்படிப் போறது?”

வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

அதற்குள் தம்பி வந்துவிட்டான். நான்தான் போன் செய்திருந்தேன். துறைமுகத்தில் ஏலம் முடிந்த கையோடு, மீன் செதில் ஒட்டிய சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, தகட்டைத் தடவிப் பார்த்தான்.

“யக்கா, ஒனக்கு ஒண்ணும் இல்லியே? அது போதும். சாவியக் குடு. வண்டிய நான் ஷெட்டுல விட்டுர்றேன். நாளைக்கு மேனேஜருக்கு ஒரு போன் போட்டு, பழைய வேலையே போதும் சார்னு சொல்லிடு.”

“யாரைக் கேட்டு?”

“மாமாவக் கேளு. மாமா, சொல்லுங்க மாமா. நைட்டுல லாரிங்க வர்ற ரோடு அது. பட்டப்பகல்ல, ஆளில்லாத தெருவுல, ஒரு தாத்தாகிட்ட இடி வாங்கியிருக்கு இது.”

“தாத்தா இல்ல, மாப்ள” என்றார் சொல்தா. “கப்ரால் ஷெஃப். பட்டாளத்துல அது எம் பதவி.”

இதைச் சொல்லிக்கொண்டே அவர் காரின் முன்பெட்டியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். நீலமும் பச்சையுமாக அச்சிட்ட தாள்கள், எல்லாம் பிரெஞ்சில். எங்கள் கார் பானெட் மேல் அதைத் தடவி விரித்தார். ‘கொன்ஸ்தா’ என்றார். பிரான்சில் ஒவ்வொரு காரிலும் இது ஒன்று இருக்குமாம். மோதிக்கொண்டால் இரண்டு டிரைவர்களும் சேர்ந்து ஒரே தாளில் எழுத வேண்டும். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். நடுவில் என்ன நடந்தது என்று கட்டங்களில் குறியிட வேண்டும். கீழே படம் வரைந்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு, கை குலுக்கிவிட்டுப் போக வேண்டும்.

“தப்பு யாரு மேலன்னு பேசவே கூடாது” என்றார். “நடந்தத எழுதணும், அவ்ளோதான்.”

“அப்புறம் எப்படி முசியே சண்ட போடறது?” என்றான் தம்பி.

“அதான் போட முடியாது!” அவர் முகம் மலர்ந்தது. தானே புயல் வந்த ஆண்டில் ஊருக்குத் திரும்பினாராம். அன்றிலிருந்து இந்தக் கட்டு வண்டியிலேயே இருக்கிறது. இதற்கு முன் இரண்டு முறை இடித்திருக்கிறார். ஒருவர் சட்டையைப் பிடித்தார், இன்னொருவர் ஓடிப்போய்விட்டார். “ஒரு தாள்கூட எழுத விடல. நீங்கதான் மொதல்ல நின்னு பேசறீங்க. மேர்சி.”

இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவரிடம் எப்படி மறுப்பது? நான் பேனா கொடுத்தேன். அவர் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, என் மனைவி தன் பக்கத்தை எழுதினாள். கூட்டம் பானெட்டைச் சுற்றி நெருங்கியது. படம் வரைய வேண்டிய இடம் வந்ததும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

“என் வண்டியப் போடு கண்ணு. நான்தான் சாட்சி” என்றார் இளநீர் அம்மா.

“மொதல்ல தெருவப் போடட்டும்மா” என்றார் சொல்தா.

“தெருவு எங்க ஓடிடும்? என் வண்டி சாயங்காலம் இருக்காது.”

என் மனைவி இளநீர் வண்டியைப் போட்டாள். பிறகு, தினமும் வரைபடம் பார்த்துப் பழகிய கையால், இரண்டு தெருக்களை இரண்டிரண்டு கோடுகளாக இழுத்தாள். ஒரு கோடும் வளையவில்லை. தன் காரை ஒரு செவ்வகமாக்கி, வடக்கே ஓர் அம்பு. அவர் காரை இன்னொரு செவ்வகமாக்கி, மேற்கே ஓர் அம்பு. இரண்டு அம்பும் தொடும் இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

“வுவாலா! இஞ்சினியர்!” என்றார் சொல்தா. தன் பக்கத்துக் கட்டங்களில் ஒன்றே ஒன்றில் மட்டும் குறியிட்டார்.

“அது என்னது?” என்று கேட்டாள்.

“வலப்பக்கத்திலேருந்து வந்தது. முனையில அதுதான் பிரியோரித்தே. வலப்பக்கம் வர்றவருக்கு மொதல் வழி. எடப்பக்கம் வர்றவரு நிப்பாங்க. நீங்க நிப்பீங்கன்னு நெனச்சிதான் நான் வந்தேன்.”

“அது ஒங்க பாரீசுல” என்றான் தம்பி. “இங்க முனையில ஹாரன் அடிச்சிட்டா வழி நம்மளுது.”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் அம்பைத் தொட்டாள், அவருடைய அம்பைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஏங்க, லைசென்சு எடுக்கறப்ப சட்டப் புத்தகம் முழுக்கப் படிச்சது நீங்கதானே? நான் கேள்வி பதில் மட்டும்தான் படிச்சேன். இங்க என்ன சட்டம்?”

அவர் பிரியோரித்தே என்றபோதே எனக்கு அது நினைவுக்கு வந்திருந்தது. அவளுக்காக வாங்கிய சாலை விதிப் புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படித்தது நான்தான். அது எனக்கு வியாதி மாதிரி. ஆனால் பக்கத்தில் சாவிக்காகக் கை நீட்டியபடி மச்சினன் நிற்கிறான். உண்மையைச் சொன்னால் அவன் கட்சி ஜெயித்துவிடும் போலிருந்தது. அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

“இங்கயும் அதேதான்” என்றேன். “பெரிய ரோடு, சின்ன ரோடுன்னு இல்லாத முனையில, வலப்பக்கத்திலேருந்து வர்ற வண்டிக்கு வழி விடணும்.”

“நெஜமாவா?” என்றார் சொல்தா. அவருக்கே அது புதுச் செய்தி. “அப்ப இங்க ஏன் ஒருத்தரும் விட மாட்டேங்கறாங்க?”

“யாருக்கும் தெரியாது முசியே” என்றேன்.

தம்பி கையை இன்னும் கொஞ்சம் நீட்டினான். “பாத்தியாக்கா? சட்டமே சொல்லிடுச்சி. தப்பு ஒம்மேலதான். குடு சாவிய.”

“இருடா” என்றாள். “ஹாரன் அடிச்சிட்டா வழி நமக்குன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?”

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

“யாருன்னு கேக்கறேன்.”

“மீன் வேனுக்கு அது சரிக்கா” என்றான், குரல் இறங்கி.

இளநீர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “வாத்தியாரே பெயிலு!”

என் மனைவி சிரிக்கவில்லை. அவள் வேறொரு கணக்கில் இருந்தாள். “எங்க பிளான்டுல ஒரு பீஸ் கெட்டுப்போனா, ஏன்னு தெரிஞ்சா பயமே இல்ல. டூல் தேஞ்சிருக்கும், மாத்திடுவோம். அடுத்தது சரியா வரும். ஏன்னே தெரியாம கெட்டா, அன்னிக்கு மெஷினையே நிறுத்திடுவோம். நான் காலையிலேருந்து மெஷின நிறுத்திட்டு நிக்கறேன். இப்பத் தெரிஞ்சிபோச்சு.” தாளில் தன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். “தப்பு என்னுதுதான் முசியே. மன்னிச்சிக்குங்க.”

“நோ, நோ, மதாம்! அத சொல்லவே கூடாது!” என்று அவர் பதறினார். “கொன்ஸ்தாவுல அத எழுத எடமே கிடையாது.”

“பரவால்ல. எனக்குத் தெரிஞ்சா போதும்.”

அவர் கையெழுத்துப் போட்டு, நகலைக் கிழித்துக் கொடுத்து, எங்கள் இருவரிடமும், பிறகு தம்பியிடமும், கடைசியில் இளநீர் அம்மாவிடமும் கை குலுக்கினார். அந்த அம்மா அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குலுக்கினார். எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார் சொல்தா. மஞ்சள் சட்டையைக் கழற்றாமலேயே அவரும் குடித்தார். முக்கோணத்தை மறந்துவிட்டுக் கிளம்பப் பார்த்தவரைத் தம்பிதான் கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தான்.

தகடு சக்கரத்தில் உரசுகிறதா என்று தம்பி படுத்துப் பார்த்தான். உரசவில்லை. எழுந்தவன், கேட்காமலேயே பின்சீட்டில் ஏறிக்கொண்டான். மோட்டார் சைக்கிளை இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “வீடு வரைக்கும் வர்றேன்” என்றான். அவள்தான் ஓட்டினாள். முனைக்கு முனை வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் பார்த்து, யாராவது வந்தால் நின்றாள். எங்களுக்குப் பின்னால் ஹாரன்கள் கேட்டபடியே இருந்தன. முதலியார்பேட்டைக்குள் நுழையும்போது, “யக்கா, இப்படி எல்லாருக்கும் நின்னுக்கினே போனா, சேதராப்பட்டு போய்ச் சேர ஆடி பொறந்துடும்” என்றான் தம்பி. “பொறக்கட்டும்” என்றாள்.

விபத்துக்குப் பிறகு செய்ய வேண்டிய மற்ற வேலைகள் சாதாரணமாக நடந்தன. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நான் புகைப்படங்களோடு அந்தப் பிரெஞ்சுத் தாளையும் நீட்டினேன். அங்கே இருந்தவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இத நாங்க வச்சிக்க முடியாதுங்க” என்றார். பிறகு படத்தைப் பார்த்தார். “ஆனா எங்க ஃபாரத்துல இவ்ளோ தெளிவா ஒருத்தரும் வரைஞ்சதில்ல. இந்தச் சின்னக் கட்டம் என்ன?”

“இளநீர் வண்டி.”

“அதுக்கும் சேதமா?”

“இல்லைங்க. சாட்சி.”

அவர் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. திங்கட்கிழமை மதியம், நசுங்கிய தகட்டோடும், தம்பி ஞாயிறு மாலையே எங்கிருந்தோ வாங்கிவந்து மாட்டிய பழைய ஹெட்லைட்டோடும் அவள் தனியாகக் கிளம்பினாள். நான் கூட வரவா என்று கேட்டேன். “வந்துட்டு ராத்திரி வரைக்கும் கேட்டுல ஒக்காந்திருக்கப் போறீங்களா?” என்றாள். சாப்பாட்டுப் பையைப் பக்கத்து இருக்கையில், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்து, அதற்கும் பெல்ட்டை மாட்டினாள்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு முடியும் முனையில் பிரேக் விளக்கு எரிந்தது. வலப்பக்கத்திலிருந்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். கார் தனக்காக நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரும் நின்றார். அவள் கையைக் காட்டினாள். அவர் நகரவில்லை. சைக்கிளைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, வண்டியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்தவராக, குனிந்து எங்கள் கார் டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து, சந்தேகத்தோடு ஒரு மிதி மிதித்தார். திரும்பிப் பார்த்தார். இன்னொரு மிதி. அவர் தெருவைத் தாண்டும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு கார் வடக்கே திரும்பிப் போயிற்று.